பழைய ஜப்பானிய டர்போ ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே மீட்டெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படும் வண்டிகள் எவை?

1980களின் பிற்பகுதியிலிருந்து 2002 வரை ஜப்பானில் தயாரான டர்போ ஸ்போர்ட்ஸ் கார்களே இங்கே பேசுபொருள். நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், சில்வியா, டொயோட்டா சுப்ரா, எம்ஆர்2, மாஸ்டா ஆர்எக்ஸ்-7, மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன், சுபாரு இம்ப்ரெஸா ஆகியவை அவற்றில் பெயர்பெற்றவை. உள்நாட்டில் விற்கும் எந்தக் காருக்கும் 280 குதிரைத்திறனுக்கு மேல் அறிவிப்பதில்லை என்று ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் 1989 முதல் 2004 வரை தமக்குள் உடன்பாடு வைத்திருந்தார்கள். ஆகவே ஸ்கைலைன் ஜிடி-ஆரின் 2,568 சிசி இன்ஜினுக்கும் சுப்ராவின் 2,997 சிசி இன்ஜினுக்கும் காகிதத்தில் ஒரே எண்தான் எழுதப்பட்டது. அவற்றின் உண்மையான தாங்குதிறன் அதைவிடக் கூடுதல் என்பது சரிதான். அந்தப் பெயரை நம்பித்தான் பலர் வண்டியை வாங்கிய மாதமே பூஸ்டை, அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை, கூட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தாங்குதிறன் புது ரப்பரும், புது வயரிங்கும், அடைப்பில்லாத ரேடியேட்டரும் இருந்த வண்டிக்கு உரியது. முப்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிக்கு அதை நாம்தான் மீட்டுத் தர வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் நிலைக்கு முதலில் கொண்டுவந்து, பிறகே மாற்றங்களைத் தொடங்க வேண்டும் என்ற வரிசையை இந்தப் பதில்கள் முழுவதும் வலியுறுத்துகிறேன்.

பிரிக்கத் தொடங்கும் முன் எதை முதலில் பார்க்க வேண்டும்?

பாடியைப் பார்க்க வேண்டும். இன்ஜினை இறக்கிச் சீர்செய்துவிடலாம், கியர்பாக்ஸை மாற்றிவிடலாம். சேஸிஸின் பலமே துருவால் போயிருந்தால் மற்ற செலவு எல்லாம் வீண். பின்சக்கர வளைவுகளின் உள்விளிம்பு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி, ஜாக்கி வைக்கும் இடங்கள், ஷாக் அப்சார்பர் மேலே பொருந்தும் கோபுரங்கள், முன்கண்ணாடியின் அடிவிளிம்பு, டிக்கிக்குள் ஸ்டெப்னி வைக்கும் குழி ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில், கம்பளத்தை நீக்கிவிட்டுப் பாருங்கள். ஹொக்கைடோ போன்ற பனிப்பகுதிகளில் சாலையில் உப்பு தூவப்படுவதால், அங்கே ஓடிய வண்டிகளின் அடிப்பகுதியை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். புதிதாகப் பூசப்பட்ட தடித்த கறுப்பு அடிப்பூச்சு கண்ணுக்கு அழகாக இருந்தாலும் அதை ஐயத்துடனே அணுகுங்கள். மடிப்பு ஓரத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரின் முனையால் மெல்லக் குத்திப் பார்த்தால் தகடு உள்ளதா, ஓட்டையை மறைக்கும் பட்டிப் பூச்சு மட்டும் உள்ளதா என்பது தெரிந்துவிடும்.

இன்ஜின் நல்ல நிலையில் இருக்கிறதா என்பதை எப்படி அறிவது?

கம்ப்ரஷன் சோதனையும் காற்றுக் கசிவுச் சோதனையும் சேர்ந்தே விடை தரும். சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனைக்கு இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, பெட்ரோலையும் பொறியையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தியபடி செல்ஃப் அடிக்க வேண்டும். பாட்டரி தளர்ந்திருந்தால் எல்லா எண்களும் குறைவாகவே வரும். எல்லாச் சிலிண்டர்களும் ஏறத்தாழ 10 சதவீத இடைவெளிக்குள் நிற்கின்றனவா என்பது, தனியொரு எண் எவ்வளவு உயரம் என்பதைவிட முக்கியம். ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஆயிலை விட்டு மறுபடியும் சோதியுங்கள். எண் உயர்ந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்றும், உயராவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் பக்கம் பார்க்க வேண்டும் என்றும் பொருள். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து தாழ்ந்தால் அவற்றுக்கிடையே ஹெட் கேஸ்கெட் விட்டுப்போயிருப்பதே பெரும்பாலும் காரணம்.

கசிவுச் சோதனையில் பிஸ்டனை உச்சிநிலையில் நிறுத்தி, வெளியிலிருந்து காற்றைச் செலுத்திக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். காற்றுச் சத்தம் திராட்டில் வழியாக வந்தால் உள்வால்வு, சைலன்சர் வழியாக வந்தால் வெளிவால்வு, ஆயில் ஊற்றும் வாய் வழியாக வந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழியாக வந்தால் ஹெட் கேஸ்கெட் என்று பழுதின் இடமே புலப்படும்.

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 வைத்திருப்பவர்கள் சாதாரண அளவுமானியை நம்ப வேண்டாம். அதன் இன்ஜினில் பிஸ்டனுக்குப் பதில் முக்கோண வடிவ ரோட்டர்கள் சுழல்கின்றன; ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று முகங்கள் உண்டு. சாதாரண மானி அவற்றில் உயர்ந்த எண்ணை மட்டுமே பிடித்துக் காட்டும். முனை சீல் பழுதான முகம் அதில் மறைந்துவிடும். மூன்று முகங்களையும் தனித்தனியே பதிவுசெய்யும் ரோட்டரி மானிதான் வேண்டும்.

வீட்டில் வேலை செய்யும்போது எந்த ஆபத்துகளைப் பலர் அறிவதில்லை?

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது என்பதும், ஸ்டாண்டுகள் உறுதியான சமதளத்தில் நிற்க வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அவசரத்தில் மீறுகிறார்கள். அதிகம் பேசப்படாத ஆபத்துகள் வேறு சில உண்டு. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் வெல்டிங் செய்தால், அந்த வெப்பத்தில் ஃபாஸ்ஜீன் என்னும் கொடிய நச்சு வாயு உருவாகும். இரண்டு கூறுகளைக் கலந்து அடிக்கும் பெயிண்டில் ஐசோசயனேட் இருப்பதால், சாதாரண முகக்கவசத்துடன் மூடிய அறைக்குள் அதை ஸ்ப்ரே செய்வது நுரையீரலுக்கு நிரந்தரக் கேடாக முடியலாம். அந்த ஒரு வேலையை வெளியில் இருந்து காற்று வரும் கவசம் உள்ள பெயிண்டரிடம் விட்டுவிடுவதே என் கருத்து. பழைய பிரேக் பேட், கிளட்ச் தட்டு, கேஸ்கெட் ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம் என்பதால் அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் ஸ்டியரிங் பக்கம் கைவைக்கும் முன் பாட்டரியைத் துண்டித்துச் சில நிமிடங்கள் காத்திருங்கள்.

துருவை வீட்டிலேயே நீக்க முடியுமா?

மேற்பரப்புத் துருவை நீக்க முடியும். உலோகம் பளிச்சிடும் வரை கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, குழிகளில் மீந்திருப்பதற்குப் பாஸ்பாரிக் அமிலம் உள்ள துரு மாற்றியைத் தடவி, எபாக்ஸி ப்ரைமர் பூச வேண்டும். ஓட்டை விழுந்த தகட்டுக்கு வழி ஒன்றுதான்: கெட்ட பகுதியை நல்ல உலோகம் வரும் வரை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும். பட்டியால் மூடிய ஓட்டை உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வேகமாகப் பரவும். சேஸிஸின் சுமை தாங்கும் பகுதிகளில் வெல்டிங் அனுபவம் இல்லாதவர்கள் கைவைக்க வேண்டாம்.

துருவேறிய போல்ட்டுகளை உடைக்காமல் கழற்றுவது எப்படி?

பொறுமையும் வெப்பமும்தான் வழி. ஊடுருவும் ஆயிலை முந்தைய நாளே விட்டு, மறுநாள் நட்டைச் சூடாக்கி, சிறிது முடுக்கி, சிறிது தளர்த்தி, முன்னும் பின்னுமாக அசைத்தே எடுங்கள். அலுமினிய ஹெட்டில் இறங்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ஸ்டட்டுகள் பல ஆண்டு வெப்பத்தில் நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும். ஸ்கைலைன் ஜிடி-ஆரின் இன்ஜினில் அவை உடைவது எல்லோரும் அறிந்த தொல்லை. உடைந்த ஸ்டட்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து திருகினால், அந்த வெப்பமே பிடியைத் தளர்த்தி உதவும்.

கழற்றிய ஒவ்வொரு தொகுதியின் போல்ட்டுகளையும் தனிப் பையில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி, கழற்றும் முன்பே படம் எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து நினைவு துணைக்கு வராது.

வெற்றிட ஹோஸ்களை எல்லாம் மாற்றியே ஆக வேண்டுமா?

ஆம். இந்த வண்டிகளில் ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், நான் சுட்டுவது இதைத்தான். 1990களின் டர்போ இன்ஜின்களில் பூஸ்ட் கட்டுப்பாடு முழுவதும் பென்சில் தடிமனுள்ள ரப்பர் ஹோஸ்களை நம்பியிருக்கிறது. இரண்டு டர்போக்களும் அடுத்தடுத்து வேலைக்கு வரும் ஆர்எக்ஸ்-7இன் 13பி-ஆர்இடபிள்யூ இன்ஜினில், உள்ளிழுப்பு மேனிஃபோல்டுக்கு அடியில் அவை எலிக்கூடு போலவே பின்னிக் கிடக்கும். டர்போவின் வெப்பத்தில் அவை மரக்குச்சி போல இறுகி, தொட்டாலே ஒடியும். ஒன்று வெடித்தாலும் இரண்டாவது டர்போ நேரத்துக்கு விழிக்காது, அல்லது பூஸ்ட் கட்டுமீறி ஏறும்.

ஒரு நேரத்தில் ஒரு ஹோஸை மட்டும் கழற்றி, அதே நீளத்துக்கு சிலிகான் ஹோஸ் வெட்டிப் பொருத்துங்கள். பழையதை எறியும் முன் அதனுள் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். சில ஹோஸ்களின் உள்ளே காற்றோட்டத்தைக் குறுக்கும் சிறு உலோகத் துண்டு இருக்கும். என் முதல் வண்டியில் அதைப் பழைய ஹோஸோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டேன். பூஸ்ட் குறைவாகவே நின்றதால் நல்ல டர்போவைக் குற்றவாளியாக்கிப் பல வார இறுதிகளைச் செலவிட்ட பிறகே காரணம் தெரிந்தது. சிலிகான், வெற்றிடத்துக்கும் காற்றுக்கும் ஏற்றது; பெட்ரோலுக்கும் ஆயிலுக்கும் ஏற்றதன்று. பெட்ரோல் பாதையில் ஏறத்தாழ 3 பார் அழுத்தம் நிற்பதால், அங்கே ஃப்யூவல் இன்ஜெக்ஷனுக்கு என்றே செய்த, எத்தனால் கலப்பைத் தாங்கும் ஹோஸையே பயன்படுத்த வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் டர்போவின் காற்று நுழையும் வாயை அடைத்து, அதன் வழியாகக் காற்றை மெல்லச் செலுத்தி, இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்துக் கசிவு பாருங்கள். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, வண்டியின் இயல்பான பூஸ்ட் அளவு வரை படிப்படியாக உயர்த்தலாம். ஆயில் ஊற்றும் வாய் வழியாகப் பலமாகக் காற்று வந்தால் உடனே நிறுத்துங்கள். கிராங்க்கேஸில் சேரும் காற்றை உள்ளிழுப்புக்குத் திருப்பும் பிசிவி வால்வு விட்டுப்போயிருக்கிறது. காற்றை அளக்கும் சென்சார் உள்ள வண்டியில், பூஸ்டின்போது கசியும் காற்று ஏற்கெனவே கணக்கில் சேர்ந்துவிட்டது. எனவே கணினி கூடுதல் பெட்ரோலைத் தந்து கரும்புகை எழுப்பும். அதே ஓட்டை ஐடிலில் அளக்கப்படாத காற்றை உள்ளே இழுத்துக் கலவையை மெலியச் செய்யும். ஒரே கசிவு இரண்டு எதிரெதிர் குறிகளைக் காட்டுவதால்தான் இதைக் கண்டுபிடிக்க முடியாமல் பலர் திணறுகிறார்கள்.

பழைய ஈசியூவையும் (இன்ஜினை நடத்தும் கணினி) வயரிங்கையும் நம்பலாமா?

சோதித்த பிறகு நம்பலாம். 1990களின் தொடக்க மிட்சுபிஷி ஈசியூக்களில் உள்ள மின்பகுளிக் கெப்பாசிட்டர்கள் கசிந்து சர்க்யூட் தடங்களை அரிப்பது பரவலாக அறியப்பட்டது. மூடியைத் திறந்ததும் மீன்வாடை அடித்தால் கசிந்துவிட்டது என்று கொள்ளலாம். தடங்கள் அரிபடும் முன் கெப்பாசிட்டர்களை மாற்றினால் ஈசியூ பிழைத்துவிடும். அக்காலத்து வண்டிகள் பலவற்றில் பிழைக் குறியீட்டைப் படிக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. டொயோட்டாவில் சோதனைச் சாக்கெட்டின் குறிப்பிட்ட இரு முனைகளை ஒரு வயரால் இணைத்தால், டேஷ்போர்டின் இன்ஜின் விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்பதே குறியீடு.

எர்த் இணைப்புகளை மல்டிமீட்டரால் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் பிளாக்குக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரைச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும். பெட்ரோல் பம்பின் முனையிலும், அது ஓடும்போதே வோல்ட்டேஜை அளந்து வையுங்கள். முனையில் 10 வோல்ட் மட்டுமே சேரும் வண்டியில் எவ்வளவு பெரிய பம்பை வைத்தாலும் பயனில்லை.

டர்போ நீலப்புகை விடுகிறது. புது டர்போ வாங்க வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். டர்போவின் தண்டில் இருப்பது ரப்பர் சீல் அன்று, பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய உலோக வளையம். ஆயில் தன் எடையால் கீழே வழிந்து, இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குத் திரும்பும் வரைதான் அது ஆயிலைத் தடுத்து வைக்கும். திரும்பும் குழாய் அடைத்திருந்தாலும், வளைந்து மேல்நோக்கி ஏறினாலும், பிசிவி அடைபட்டு கிராங்க்கேஸில் அழுத்தம் கூடினாலும், ஆயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருந்தாலும் நல்ல டர்போவே புகைக்கும். இவற்றைச் சரிபார்க்காமல் புதியதை மாட்டினால் அதுவும் அதே புகையை விடும். நீண்ட இறக்கத்தில் கியரில் இறங்கி, மறுபடி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் நீலப்புகை எழுந்தால் வால்வு சீல்களையே முதலில் பாருங்கள்.

தண்டைக் கையால் அசைத்துப் பார்க்கும்போது பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது, ஆயில் படலத்தில் மிதக்கும் புஷ் வகை டர்போவுக்கு இயல்பே. முன்னும் பின்னுமாக நகர்வது கைக்குத் தெரிந்தால், அல்லது சக்கரத்தின் இதழ்கள் கூட்டில் உரசிய தடம் இருந்தால், அந்த டர்போ முடிந்தது. நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுகளுக்கு மேல் சுழலும் பொருளில் அந்த உரசல் சிறிய குறையன்று.

டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றுவது?

வரலாறு தெரியாத வண்டி என்றால் இப்போதே மாற்ற வேண்டும். ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் பொதுவாக 1,00,000 கிலோமீட்டர் என்று குறித்திருந்தாலும், ஓடாமல் நின்ற பெல்ட்டும் வயதால் கெடும். டென்ஷனர், ஐட்லர் பேரிங், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். லான்சர் எவல்யூஷனின் 4ஜி63 இன்ஜினில் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்கு ஒரு சிறிய பெல்ட் தனியே உண்டு. அது அறுந்து பெரிய பெல்ட்டில் சிக்கினால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். சில்வியாவின் எஸ்ஆர்20டிஇடி இன்ஜினில் இருப்பது செயின் என்பதால் அந்தக் கவலை குறைவு.

மாற்றங்களை எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

முதலில் அளவுமானிகள்: பூஸ்ட், ஆயில் அழுத்தம், ஆயில் வெப்பம், காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார். இவை வண்டியின் வேகத்தைக் கூட்டுவதில்லை என்பதால் பலர் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். ஆனால் இன்ஜினுக்குள் நடப்பதைக் காண நமக்கு இருக்கும் கண்கள் இவைதான். இரண்டாவது பிரேக். டாட் 4 ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பின் அந்த எல்லை 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். ஆகவே பெரிய காலிப்பர் வாங்கும் முன் புது ஃப்ளூயிட், நல்ல பேட், புது ரப்பர் ஹோஸ் போதுமா என்று பாருங்கள், பெரும்பாலும் போதும். மூன்றாவது சஸ்பென்ஷன் புஷ்கள். மூப்படைந்த புஷ்களை மாற்றினாலே வண்டி இளமை திரும்பியது போல ஓடும், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த விலையுயர்ந்த காயில்ஓவரால் அதைச் செய்ய முடியாது. நான்காவது குளிர்விப்பு. ரேடியேட்டரின் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி பழுப்பாக மாறியிருந்தால் அது வெடிக்கக் காத்திருக்கிறது என்று பொருள். ஐந்தாவது பெட்ரோல் பம்ப், சுத்தம் செய்து அளந்த இன்ஜெக்டர்கள். இவ்வளவும் ஆன பின்புதான் காற்று, சைலன்சர், பூஸ்ட்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, சில நாட்கள் ஓட்டி, மானிகளின் எண்களைக் குறித்து வையுங்கள். ஐந்து பாகங்களை ஒரே நாளில் மாட்டிய வண்டி திக்கினால், குற்றவாளியைத் தேட ஐந்தையும் கழற்ற வேண்டிவரும்.

பூஸ்டை எவ்வளவு வரை உயர்த்தலாம்?

டர்போவின் சக்கரம், பெட்ரோலின் தரம், காற்றின் வெப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்து எல்லையை வகுக்கின்றன. ஆர்32 தலைமுறை ஸ்கைலைன் ஜிடி-ஆரின் டர்பைன் சக்கரங்கள் செராமிக்கால் ஆனவை. எடை குறைவால் வேகமாகச் சுழலத் தொடங்கும் அவை, ஏறத்தாழ 1 பாருக்கு மேல் தள்ளும்போது தண்டிலிருந்து பிய்ந்து சிதறுவதற்குப் பெயர்பெற்றவை. ஜப்பானில் விற்ற சுப்ராவிலும் செராமிக்தான். ஏற்றுமதி வண்டிகளில் உலோகச் சக்கரம்.

பெட்ரோலைப் பொறுத்தவரை, ஜப்பானின் உயர்தரப் பெட்ரோல், நாக்கிங்கைத் தாங்கும் திறனைக் காட்டும் ஆராய்ச்சி ஆக்டேன் எண்ணில் 100ஐ ஒட்டியது. அதற்கேற்ப அமைத்த இன்ஜினை 95 ஆக்டேனில் ஓட்டினால், பூஸ்டைத் தொடாமலேயே நாக்கிங் வரக்கூடும். நாக்கிங் என்பது பிஸ்டனின் ரிங் பள்ளங்களை உடைத்தெறியும் வெடிப்பு. காதுக்குக் கேட்கும்போது சேதம் தொடங்கியிருக்கும்.

20 டிகிரியில் உள்ள காற்றை 1 பார் பூஸ்டுக்கு அழுத்தினால், 70 சதவீதத் திறனுள்ள டர்போவிலிருந்து அது ஏறத்தாழ 110 டிகிரியில் வெளிவரும். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் நல்ல இன்டர்கூலர் நாக்கிங்கைத் தடுக்கும் காப்பு ஆவதற்கு இந்த ஒரு கணக்கே போதுமான விளக்கம். பூஸ்ட் கூடும்போது பொறி அணையாமல் இருக்க, பிளக் இடைவெளியை 1.1 மில்லிமீட்டரிலிருந்து 0.8க்குக் குறைத்து, ஒரு படி குளிர்ந்த பிளக்கைப் போடுவது வழக்கம்.

காற்றை வெளியே விடும் ப்ளோ-ஆஃப் வால்வு மாட்டலாமா?

ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மிகும் பூஸ்ட் காற்றை வெளியேற்றும் வால்வு அது. காற்றளவு சென்சார் உள்ள வண்டிக்கு அது ஏற்றதன்று. அளந்து கணக்கிட்ட காற்றை வெளியே விட்டால், ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் கலவை தடித்துச் சில வேளை இன்ஜின் அணைந்துவிடும். காற்றை மறுபடி உள்ளே திருப்பும் தொழிற்சாலை வால்வே நன்று.

டியூனிங்கை வீட்டிலேயே செய்ய முடியுமா?

ஈசியூவில் அடிப்படை வரைபடத்தை (பெட்ரோல் அளவும் பொறி நேரமும் குறித்த அட்டவணையை) ஏற்றுவது, சென்சார்களை அளவிடுவது, ஐடிலைச் சீராக்குவது ஆகியவற்றை வீட்டில் செய்யலாம். புது ஈசியூ வைத்ததும் டைமிங் லைட்டால் அடிப்படை இக்னிஷன் டைமிங்கைச் சரிபார்க்க வேண்டும். திரையில் 15 டிகிரி என்று காட்டும்போது கிராங்க் புல்லியில் 20 இருந்தால், அதன்மேல் எழுதும் ஒவ்வொரு எண்ணும் தவறு. மென்மையான ஓட்டத்துக்கு 14.7க்கு 1 என்ற காற்று-பெட்ரோல் விகிதம் பொருந்தும். முழு பூஸ்டில் அது 11க்கும் 12க்கும் இடையில் நிற்க வேண்டும். இன்ஜெக்டர்கள் திறந்திருக்கும் நேரம் 85 சதவீதத்தைத் தாண்டினால் அவை சிறியவை. முழுச் சுமை டியூனிங்கை மட்டும், வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஓட்டித் திறனை அளக்கும் டைனோவில், நாக்கிங்கைக் காது கருவியால் கேட்கத் தெரிந்தவரிடம் செய்யுங்கள். பொதுச்சாலையில் அதைச் செய்வது உங்களுக்கும் பிறருக்கும் ஆபத்து.

அசல் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றனவா?

முன்பைவிட நிலை மேம்பட்டிருக்கிறது. ஆர்32 ஜிடி-ஆருக்கான பாகங்களை நிசானின் ஸ்போர்ட்ஸ் பிரிவான நிஸ்மோ 2017இல் மறுபடி தயாரிக்கத் தொடங்கியது. டொயோட்டா 2020இல் ஏ70, ஏ80 தலைமுறைச் சுப்ராக்களுக்கு அதையே செய்தது. பிளாஸ்டிக் கிளிப்புகள், கதவு ரப்பர்கள், உட்புறத் துணி ஆகியவைதான் இன்னும் தேடவைப்பவை. ஆகவே கழற்றிய எந்த அசல் பாகத்தையும் விற்றுவிடாமல் துடைத்துப் பத்திரப்படுத்துங்கள்.

ஓவர்ஹால் முடிந்த இன்ஜினை முதன்முறை எப்படி ஸ்டார்ட் செய்வது?

டர்போவின் ஆயில் நுழைவுத் துளையில் ஆயிலை ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். பெட்ரோலையும் பொறியையும் துண்டித்து, செல்ஃபைச் சிறு சிறு தவணையாக அடித்து, ஆயில் அழுத்தமானி எழும் வரை காத்திருங்கள். அது எழாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஸ்டார்ட் ஆனதும், வண்டியின் மூக்கை உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கூலன்ட்டில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். நீண்ட நேரம் ஐடிலில் விட வேண்டாம். ரிங்குகள் சிலிண்டர் சுவரில் படிய மிதமான சுமையும் மாறிக்கொண்டே இருக்கும் வேகமும் தேவை. முதல் ஓட்டத்துக்குப் பின் இன்ஜின் முழுவதும் ஆறியதும் கூலன்ட் அளவைப் பார்த்து, ஹோஸ் கிளிப்புகளையும் டர்போ மேனிஃபோல்ட் நட்டுகளையும் மறுபடி முடுக்குங்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றி, கழற்றிய ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். பொடி போன்ற மினுக்கம் சிறிது இருப்பது இயல்பு. நகத்தில் தட்டுப்படும் செதில் ஒன்றாவது இருந்தால், பூஸ்ட் கண்ட்ரோலரின் பெட்டியைத் திறக்காமல் ஆயில் சம்ப்பைக் கழற்றிப் பேரிங்குகளைப் பார்க்க வேண்டும்.